'கிடைக்கவில்லை' என்கிறது கம்ப்யூட்டர்... எந்தத் தட்டில் தேடியது?

'லைப்ரரி நாட் ஃபவுண்ட்.' இந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் லேப்டாப்பை மூடி வைத்துப் படுக்கப் போனவர்கள் ஐ.டி. துறையில் ஏராளம். 'எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணிட்டேம்மா, ஆனாலும் இல்லைங்குது' என்று பிள்ளைகள் புலம்புவதைக் கேட்டு, என்ன ஏது என்று புரியாமலே காபி போட்டுக் கொடுத்த அம்மாக்களும் உண்டு.

அந்த அம்மாக்களுக்கு இந்தப் பிரச்னை நன்றாகவே தெரியும். 'ஃபிரிட்ஜுல தயிர் இருக்கு, எடு' என்றால், மேல் தட்டை மட்டும் பார்த்துவிட்டு 'தயிரே இல்லை' என்று சத்தம் போடுகிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். தயிர் இரண்டாவது தட்டில், சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. தேடிய இடத்தில் இல்லை என்பதை, வீட்டிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. சிரமம் என்னவென்றால், கம்ப்யூட்டர் சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம்.

தன் கோடில் ஒரு தப்பும் இல்லாமலே, 'இதெல்லாம் நமக்கு வராது' என்ற முடிவுக்கு ஒரு மாணவரைக் கொண்டுபோய் விடக்கூடிய எரர் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விலைப்பட்டியலும் சரக்கும்

புரோகிராம் எழுதுகிற யாரும் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக அனுப்ப ஓப்பன்எஸ்எஸ்எல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேச லிப்பிக்யூ என்று ஏற்கெனவே எழுதி வைத்த தொகுப்புகள் இருக்கின்றன. இவைதான் லைப்ரரிகள். சொந்தக் கோடையும் இந்த லைப்ரரிகளையும் சேர்த்து, ஓடக்கூடிய ஒரு புரோகிராமாக ஆக்குவதற்குப் பெயர் 'பில்ட்'.

பில்ட் நடக்கும்போது தேடல் ஒரு தடவை நடப்பதில்லை. முதலில் கம்பைலர் வந்து 'ஹெடர் ஃபைல்' கேட்கும். மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி அது. என்னென்ன இருக்கிறது, எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். அடுத்து லிங்கர் வரும். அதற்குப் பட்டியல் போதாது, சரக்கே வேண்டும். கடைசியாக, புரோகிராமை ஓட விடும்போது 'லோடர்' என்று ஒன்று வந்து, அதே சரக்கை இன்னொரு தடவை தேடும்.

மூன்று பேர், மூன்று தனித்தனி தேடல் பட்டியல்கள். ஒருவருக்கு அட்ரஸ் சொன்னால் மற்ற இருவருக்கும் தெரிந்துவிடாது. குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹெடர் கிடைக்கவில்லை என்ற எரருக்கு இணையத்தில் படித்த தீர்வை லிங்கர் எரருக்குப் போட்டுவிட்டு, 'அப்பவும் வரலை' என்று நிற்பவர்கள் பலர்.

2020-ல் வீடு மாறிய கதை

இந்த எரர் புதிதல்ல. ஆனால் சமீப வருடங்களில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது ஆப்பிளின் சிப் மாற்றம்தான்.

ஜூன் 2020-ல் ஆப்பிள், மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சிப்புக்குப் பதிலாகத் தன் சொந்த சிப்பைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்1 சிப்போடு முதல் மேக்குகள் வந்தன. வேகம், பேட்டரி என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு தப்பில்லை. ஆனால் புதுப் பெட்டியைப் பிரித்து, பழைய புராஜெக்ட்டை அதில் பில்ட் செய்து பார்த்த டெவலப்பர்கள் வேறு மாதிரி அனுபவப்பட்டார்கள்.

மேக்கில் இலவச லைப்ரரிகளை இறக்கிக்கொள்ளப் பலரும் பயன்படுத்துவது ஹோம்ப்ரூ. 2009-ல் மேக்ஸ் ஹோவெல் ஆரம்பித்து வைத்தது. இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' என்ற ஃபோல்டருக்குள் வைத்தது. ஆப்பிளின் கம்பைலரும் லிங்கரும், யாரும் சொல்லாமலே எட்டிப் பார்க்கும் ஃபோல்டர் அது. அதனால் பெரும்பாலான லைப்ரரிகளுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. 'பாத்' என்றால் என்ன என்று தெரியாமலே வேலை ஓடியது.

பிப்ரவரி 2021-ல் வந்த ஹோம்ப்ரூ 3.0, புது சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. கூடவே வீட்டையும் மாற்றியது. புது சிப் மேக்குகளில் இனி அட்ரஸ் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'.

ஏன் மாற்ற வேண்டும்? காரணம் இருக்கிறது. புது மேக்கில் 'ரொசெட்டா 2' என்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் பழைய இன்டெல் புரோகிராம்களும் ஓடும். ஆக, ஒரே மெஷினில் இன்டெல்லுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், புது சிப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என இரண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே. ஒரே ஃபோல்டரில் போட்டால் எது எது என்று தெரியாது. தனித்தனி வீடு வைத்தது சரியான முடிவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆப்பிளின் கம்பைலரும் லிங்கரும் இன்றும் தானாகப் புது அட்ரஸுக்குப் போவதில்லை. பழைய தெருவிலேயே கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'ஆள் இல்லை' என்று திரும்பிவிடுகின்றன.

ஒரு உதாரணம்: பைத்தானும் போஸ்ட்கிரெஸும்

பைத்தானில் எழுதிய ஒரு வெப்சைட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு 'சைகாப்பிஜி2' என்ற பேக்கேஜ். இதை இன்ஸ்டால் செய்யும்போது பின்னணியில் ஒரு பில்ட் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

முதலில் வரும் எரர்: 'பிஜி கான்ஃபிக் எக்ஸிகியூட்டபிள் நாட் ஃபவுண்ட்'. பிஜி கான்ஃபிக் என்பது ஒரு சின்ன புரோகிராம். போஸ்ட்கிரெஸின் ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே என்று கேட்டால் அட்ரஸ் சொல்வது அதன் வேலை. வழி சொல்கிற ஆளையே காணோம் என்பதுதான் இந்த எரர்! ஹோம்ப்ரூவில் லிப்பிக்யூவை இன்ஸ்டால் செய்திருந்தால் அந்த ஆள் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்/லிப்பிக்யூ/பின்' என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருப்பார். அந்த ஃபோல்டரை டெர்மினலின் 'பாத்' பட்டியலில் சேர்த்ததும் எரர் போய்விடும்.

போய், அடுத்த எரர் வரும். எஸ்எஸ்எல் லைப்ரரி 'நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். பலர் இந்த இடத்தில் முன்பு செய்ததும் வீண் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அது வேண்டாம். எரர் மாறியிருக்கிறது என்றால் வண்டி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டு, லிங்கரிடம் ஒப்படைத்துவிட்டது. லிங்கருக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் சரக்கு வேண்டும். அது மெஷினில் இருக்கிறது, ஆனால் லிங்கரின் பட்டியலில் அந்த அட்ரஸ் இல்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011-லேயே ஆப்பிள் இதைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. 2015-ல் வந்த எல் கேபிட்டன் பதிப்போடு இதன் ஹெடர்களும் போய்விட்டன. அதனால் சிஸ்டத்தோடு மோதல் வரக்கூடாது என்று ஹோம்ப்ரூ இதைப் பொது ஃபோல்டரில் வைக்காமலிருந்தது; தனி அறையில் பூட்டி வைத்தது போல, '/ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்' என்பதற்குள் தனியாக வைத்திருந்தது. ஹோம்ப்ரூ மொழியில் இதற்கு 'கெக் ஒன்லி' என்று பெயர். லிப்பிக்யூவும் இந்த வகைதான்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தீர்வை ஹோம்ப்ரூவே சொல்லிவிடுகிறது. இன்ஸ்டால் முடிந்ததும் கடைசியில் 'கேவியட்ஸ்' என்ற தலைப்பில் சில வரிகள் வரும். லிங்கருக்கு எல்டிஃப்ளாக்ஸில் என்ன எழுத வேண்டும், கம்பைலருக்கு சிபிபிஃப்ளாக்ஸில் என்ன எழுத வேண்டும் என்று அட்ரஸோடு, அப்படியே காப்பி செய்யத் தயாராக இருக்கும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த சீட்டு மாதிரி, அதை யாரும் படிப்பதில்லை. ஸ்க்ரோல் செய்து போயிருந்தாலும் கவலையில்லை, 'ப்ரூ இன்ஃபோ' என்று லைப்ரரியின் பெயரோடு கேட்டால் மறுபடி காட்டும்.

வெறும் பயிற்சிக்காகவோ கல்லூரி புராஜெக்ட்டுக்காகவோ என்றால், இவ்வளவு சிரமமே தேவையில்லை. 'சைகாப்பிஜி2 பைனரி' என்று ஏற்கெனவே பில்ட் செய்த பேக்கேஜ் கிடைக்கிறது. நிஜமான சர்வரில் ஓட்டும்போது மட்டும், சொந்தமாக பில்ட் செய்ததைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள்.

எங்கே தேடினாய் என்று கேட்கலாம்

இந்த எரர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எப்படி மறுபடி இன்ஸ்டால் செய்வது' என்பதல்ல. 'எங்கெல்லாம் தேடினாய்' என்பதுதான். கேட்டால் டூல்கள் பதில் சொல்லும்.

ஆப்பிளின் கிளாங் கம்பைலருக்கு 'மைனஸ் வி' என்று சேர்த்து ஓட விட்டால், 'சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்' என்ற வரிக்குக் கீழே, தான் ஹெடர் தேடுகிற ஃபோல்டர்களை வரிசையாக எழுதிவிடும். லிங்கருக்கும் அதே மாதிரி 'மைனஸ் வி' அனுப்பினால், 'லைப்ரரி சர்ச் பாத்ஸ்' என்று தன் பட்டியலை நீட்டும். லினக்ஸ் லிங்கர் இன்னும் வெளிப்படை. 'வெர்போஸ்' என்று சொன்னால் போதும், எந்தெந்த ஃபைலைத் திறக்கப் பார்த்தது, எதில் தோற்றது என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்கும்.

அந்தப் பட்டியலை ஒரு பக்கமும், லைப்ரரி நிஜமாக இருக்கும் ஃபோல்டரை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால், பத்துக்கு எட்டு தடவை விஷயம் அங்கேயே புரிந்துவிடும். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் இரண்டு நாள் அலைவதற்குத்தான் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று பெயர். எரர் வரும்போதே தேடிய இடங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வியும் நியாயமானதுதான். இத்தனை வருடமாகியும் பெரும்பாலான டூல்கள் கேட்டால்தான் வாய் திறக்கின்றன.

சில சமயம் லைப்ரரி உண்மையிலேயே இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உபுண்டு, டெபியன் லினக்ஸ்களில் ஒரு லைப்ரரி இரண்டு பேக்கேஜாக வரும். லிப்பிக்யூ5 என்பது புரோகிராம் ஓடுவதற்கு. பில்ட் செய்யத் தேவையான ஹெடர் எல்லாம் 'லிப்பிக்யூ டெவ்' என்ற இன்னொன்றில். முதலாவதை மட்டும் போட்டுவிட்டு 'இன்ஸ்டால் பண்ணியாச்சே' என்று சொன்னால், அங்கே கம்ப்யூட்டர் சொல்வதுதான் சரி.

அட்ரஸ் சொன்ன பிறகும் கேட்கவில்லையா?

பெரிய சி பிளஸ் பிளஸ் புராஜெக்ட்களில் சிமேக் என்ற டூல் இருக்கும். இதற்கு ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம். முதல் தடவை தேடியபோது என்ன கிடைத்ததோ, அதை பில்ட் ஃபோல்டரில் 'சிமேக்கேஷ்' என்ற ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். தப்பான ஃபோல்டரில் ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டது என்றால், அதன்பிறகு பாத்தை எத்தனை தடவை திருத்தினாலும் அது திரும்பித் தேடாது. பழைய குறிப்பையே புரட்டும். சரியான தீர்வைக் கண்டுபிடித்தும், 'இதுவும் வேலை செய்யவில்லை' என்று அதைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஃபைலை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். 2022-ல் வந்த சிமேக் 3.24-லிருந்து 'ஃப்ரெஷ்' என்ற ஆப்ஷனே இருக்கிறது.

பழைய மேக்கிலிருந்து 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' மூலம் எல்லாவற்றையும் புது மேக்குக்கு மாற்றியவர்களின் நிலை வேறு. பழைய ஹோம்ப்ரூவும் அப்படியே '/யூஎஸ்ஆர்/லோக்கல்'-க்குள் வந்து உட்கார்ந்திருக்கும். லிங்கர் அங்கே போகும், கேட்ட பெயரில் லைப்ரரியும் கிடைக்கும். எடுத்துப் பார்த்தால் இன்டெல்லுக்கானது. கடைசி வரியில் 'சிம்பல்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று ஏதோ சொல்லும். நிஜக் காரணம் அதற்கு மேலே, 'இக்னோரிங் ஃபைல்' என்று ஆரம்பிக்கும் ஒரு எச்சரிக்கையில் இருக்கும். எரரைக் கடைசி வரியில் மட்டும் படிக்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. பழைய மெஷினில் 'ப்ரூ பண்டில் டம்ப்' என்று கொடுத்து லைப்ரரிகளின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, புது மெஷினில் புதிதாக இறக்கிக்கொள்வது நல்லது. டெர்மினலே ரொசெட்டாவில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். 'யுநேம் மைனஸ் எம்' என்று கேட்டால், புது சிப் மேக்கில் ஏஆர்எம்64 என்று பதில் வர வேண்டும். எக்ஸ்86 என்று வந்தால் டெர்மினல் இன்னும் இன்டெல் உலகத்தில் இருக்கிறது.

கிடைத்துவிட்டால்தான் ஆபத்து

'கிடைக்கவில்லை' என்பது ஒரு வகையில் நல்ல எரர். வேலை நின்றுவிடும், அவ்வளவுதான். தப்பான லைப்ரரி கிடைத்து, பில்ட்டும் ஓகே ஆகிவிட்டால்?

லினக்ஸ் மெஷின்களில் இது நடக்கும். எப்போதோ யாரோ கையால் பில்ட் செய்து '/யூஎஸ்ஆர்/லோக்கல்'-இல் போட்டுவிட்டுப் போன பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் அங்கேயே கிடக்கும். சிஸ்டம் அப்டேட் செய்யும்போது சிஸ்டத்தின் லைப்ரரி மட்டும்தான் புதுசாகும், அது மாறாது. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் தேடல் பட்டியலில் லோக்கல் ஃபோல்டர் முன்னால் இருப்பதால், முதலில் கையில் சிக்குவது பழையதுதான். 

பழையது என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஏப்ரல் சாட்சி. 'ஹார்ட்ப்ளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது அப்போதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில், ஒவ்வொரு கேள்விக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கேபி வரை யார் வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம் என்ற நிலை. பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எதுவும் அதில் இருக்கலாம். திருத்திய பதிப்பு உடனே வந்துவிட்டது. சிஸ்டத்தை அப்டேட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, புரோகிராம் மட்டும் மூலையில் கிடக்கும் பழைய ஃபைலையே எடுத்துக்கொண்டிருந்தால் அந்த நிம்மதிக்கு அர்த்தமில்லை. 1.1.1 வரிசைக்கும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன. மேக்கில் 'ஓடூல் மைனஸ் எல்', லினக்ஸில் 'எல்டிடி' என்று கேட்டால், புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து எந்த லைப்ரரியை எடுக்கிறது என்று தெரிந்துவிடும். பில்ட் ஆகிவிட்டது என்று கைதட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

செய்யக்கூடாத ஒன்று

இணையத்தில் தேடினால் சுலபமாகத் தெரிகிற ஒரு வழி கிடைக்கும். 'சூடோ' போட்டு, லைப்ரரியை லிங்கர் தேடுகிற ஃபோல்டருக்கே காப்பி செய்துவிடுங்கள் என்பார்கள். அந்த நிமிடம் வேலை ஆகிவிடும். ஆனால் மேலே சொன்ன, மூலையில் கிடக்கும் பழைய ஃபைல் உருவாவது இப்படித்தான்! ஹோம்ப்ரூ நாளை புதுப் பதிப்பை இறக்கினாலும், கையால் போட்ட காப்பி பழசாகவே இருக்கும். 'எல்டி லைப்ரரி பாத்' என்பதை மாற்றச் சொல்லும் யோசனையும் அடிக்கடி கண்ணில் படும். அது லினக்ஸில் புரோகிராம் ஓடும்போது லோடருக்கான பட்டியல். பில்ட் நேரத்தில் ஜிசிசியும் கிளாங்கும் பார்ப்பது 'லைப்ரரி பாத்' என்ற வேறொன்று. பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றினால் எதுவும் நடக்காது.

அட்ரஸை புராஜெக்ட் ஃபைலில் நேராக எழுதிவிடுவதும் தொல்லைதான். ஒருவர் மெஷினில் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ', பக்கத்து சீட்டில் இருக்கும் இன்டெல் மேக்கில் '/யூஎஸ்ஆர்/லோக்கல்', சர்வரில் லினக்ஸ். அதற்குப் பதிலாக 'ப்ரூ ப்ரிஃபிக்ஸ்' அல்லது 'பிகேஜி கான்ஃபிக்' மூலம் அந்தந்த மெஷினிடமே அட்ரஸ் கேட்டு வாங்கும்படி எழுதினால், மூன்று இடத்திலும் ஓடும்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் சீனியரிடமோ நண்பரிடமோ உதவி கேட்பதில் தப்பில்லை. கேட்கும்போது கடைசி வரியை மட்டும் மொபைலில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், மூன்று விஷயங்களைச் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்: டூல் தேடிய ஃபோல்டர்களின் பட்டியல், லைப்ரரி இருக்கும் ஃபோல்டர், மெஷினில் இருக்கும் சிப் எது என்பது. இந்த மூன்றையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே, 'அட, இதுதானா' என்று மெசேஜை அனுப்பாமலே அழித்துவிடவும் வாய்ப்பு உண்டு.